கண்டக்டருக்கு அத்தை போட்ட ரோடு

எங்கள் அத்தை கொக்கி ஊசியைக் கையில் எடுத்தால் உலகத்துச் செம்மறியாடுகள் எல்லாம் இன்று யார் முறையோ என்று நடுங்க ஆரம்பித்துவிடும். அவள் பிரெட் சுட்டால் அந்த வாசனைக்கு மேகங்கள் வழி மாறி வந்து எங்கள் மாடிமேல் நின்றுவிட்டுப் போகும். அவள் பஸ் ஓட்டிக்கொண்டு வந்தால் சாலையில் இருக்கிற பள்ளங்கள் எழுந்து ஓரமாய் நின்று வழி விடும். வானத்தையும் பூமியையும் சேர்த்துத் தைத்திருக்கிற நூல் என்றைக்காவது பிரிந்தால், முதலில் ஆள் வருவது எங்கள் வீட்டுக்குத்தான்.

இதில் பாதி பொய். எந்தப் பாதி என்று கேட்டால் மீதியும் பொய் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அத்தை பஸ் ஓட்டுவது சத்தியமான உண்மை. டவுன் பஸ். காக்கிச் சட்டை, காலில் பழைய ஷூ, தோளில் ஒரு பை. பைக்குள் டீ ஃபிளாஸ்க்கும் கம்பளி நூல் உருண்டையும் இருக்கும். சிக்னலில் வண்டி நின்றால் இரண்டு கண்ணி போட்டுவிடுவாள் என்று டெப்போவில் பேசிக்கொள்கிறார்கள். அத்தை அதை மறுப்பதில்லை. "சிக்னல் போட்டவன் அப்படிப் போட்டிருக்கான், நான் என்ன பண்ண?" என்பாள்.

வீடு மூன்றாவது மாடியில். என் அப்பா, அதாவது அத்தையின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டை எல்லாம் சரிசெய்துவிட்டு, லிஃப்டே இல்லாத எங்கள் கட்டிடத்தில் மூச்சு வாங்கப் படியேறி வருவார். அம்மா ஆஸ்பத்திரியில் இரவு நேர நர்ஸ். பகலெல்லாம் தூங்குவாள். அதனால் எங்கள் வீட்டில் சண்டைகூடக் குசுகுசுவென்றுதான் நடக்கும். புதிதாய் வருகிறவர்கள் நாங்கள் ஏதோ சதி செய்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் நான். என்னை வாலு என்பார்கள். பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்பில் பேசிப் பிரிந்துவிட்டோம். எனக்கு எழுத்து இடது கை. நான் எழுதி முடிப்பதற்குள் பாதி எழுத்து என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும், டீச்சருக்கு மீதிதான் கிடைக்கும்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருவன் கண்டக்டர். டெப்போவில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து அத்தை தூக்கி வந்த நாய்க்குட்டி, இப்போது கிழவன். யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி முகர்ந்து பார்ப்பான். ஒரு தரம் குரைத்த பிறகுதான் உள்ளே விடுவான். டிரைவர் வீட்டில் இப்படி ஒருவன் இருந்தால் வேறு என்ன பெயர் வைப்பது? இன்னொன்று பூனை. கூப்பிடாமல் வந்து, ஒரு எலியைக்கூடப் பிடிக்காமல், எல்லார் தட்டிலும் பங்கு கேட்டுக்கொண்டு தங்கிவிட்டது. அதற்குப் பெயர் ஓசி.

அத்தைக்குக் கை சும்மா இருக்காது. காற்றுக் காலம் வந்தால் மொட்டை மாடியில் பட்டம் ஒட்டுவாள். வெயில் காலத்தில் பெயின்ட் டப்பாக்களில் தக்காளி வளர்ப்பாள். மழை பிடித்துக்கொண்டால் கம்பளி நூல்தான். வார ஓய்வு நாளில் எந்தக் காலமானாலும் பிரெட். எங்கள் ஓவனுக்குக் கதவு சரியாக மூடாது. அத்தை அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு, அதன்மேல் என்னை உட்காரவைத்து, "ஹேண்ட் பிரேக் போட்டாச்சு" என்பாள். பிரெட் வேகும்வரை நான் ஹேண்ட் பிரேக்.

அவளிடம் விளையாடுவது லேசில்லை. ஒருமுறை யாரோ அவளுடைய காக்கிச் சட்டைப் பொத்தானில் நூல் நுனியைக் கட்டிவிட, அத்தை மூன்று மாடியும் ஒரு தெருவும் நீல நூலை இழுத்துக்கொண்டே போயிருக்கிறாள். திரும்பி வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் என் இரண்டு செருப்பும் ஒன்றாய்ச் சேர்த்து, அழகான நீல நூலில், பூ வைத்துப் பின்னப்பட்டிருந்தன. யார் கட்டினது என்று அவள் விசாரிக்கவே இல்லை.

இந்த மழைக்காலத்தில்தான் கண்டக்டருக்குக் கண் போனது. முதலில் கண்ணுக்குள் பால் ஊற்றின மாதிரி இருந்தது. பிறகு கதவு மூடியிருப்பது தெரியாமல் போய் முட்டினான். நாய் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, போன பார்வை வராது என்றார். அந்த வாரமே ஒரு நாள், முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில், திரும்பாமல் நேராக நடந்து, கீழே உருண்டு தாடையைக் கிழித்துக்கொண்டான். அதற்குப் பிறகு படியருகே போனாலே நடுங்கினான். அப்பாதான் தினமும் தூக்கிக்கொண்டு இறங்கினார், தூக்கிக்கொண்டு ஏறினார். கண்டக்டர் சாப்பாட்டில் குறை வைக்காத ஆள். அப்பாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம், அம்மா உள்ளே தூங்க, கூடத்தில் குசுகுசுவென்று ஆரம்பித்தது.

"பாப்பா, கோபப்படாம கேளு," என்றார் அப்பா. அத்தைக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அவருக்கு அவள் பாப்பாதான். "செடிக்கடைக்காரர் இவனைக் கேக்குறார். அங்க எல்லாம் சமதரை. படியே கிடையாது. சுத்திச் சுவர் இருக்கு."

"இவனை எதுக்குக் கேக்குறார்? செடிக்குக் காவலுக்கா? பார்வையில்லாதவனையா?"

"பாவம் பாத்துக் கேக்குறார்மா. நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்னா நல்ல நாயா ஒண்ணு வாங்கிக்கட்டும். இவன் நம்ம நாய்."

"என் இடுப்பும் நம்ம இடுப்புதான். நீ விடியறதுக்கு முன்னாடி டியூட்டிக்குப் போயிடுற. நான் ஒரு நாள் இவனோட சேர்ந்து உருண்டா என்ன பண்ணுவே?"

அப்பா சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. மேசைக்கு அடியில் கண்டக்டர் தன் பெயர் அடிபடுகிறது என்று வாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"எப்ப வர்றார்?" என்றாள் அத்தை கடைசியில்.

"மழை விட்டதும் வண்டி எடுத்துட்டு வரேன்னார்."

"சரி. மழை விடுறதுக்குள்ள இவன் தானா இறங்கித் தானா ஏறினா?"

அப்பா சிரித்துவிட்டார். "ஏறினா செடிக்கடைக்காரருக்கு டீ கொடுத்து அனுப்பிடலாம்."

"டீயோட பிரெட்டும் கொடுக்குறேன்," என்றாள் அத்தை. அவள் சிரிக்கவில்லை.

வழி அவளுக்கு பஸ்ஸில்தான் கிடைத்தது. ஒரு நாள் பேய் மழை. நனைந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "கண்ணாடியில ஒண்ணுமே தெரியல. வைப்பர் வேற மக்கர். பாலம் எங்க ஆரம்பிக்குதுன்னே புரியல. அப்பதான் சக்கரத்துக்கு அடியில தடதடன்னுச்சு பாரு, பாலத்துக்கு முன்னாடி ரோட்டுல வரிவரியா மேடு போட்டிருப்பான்ல, அது. பிரேக் போட்டேன். கண்ணு சொல்லாததைச் சக்கரம் சொல்லிடுச்சு." ஒரு ஷூவைக் கழற்றினவள் இன்னொன்றைக் கழற்ற மறந்து, கண்டக்டரின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே நூல் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது.

அத்தை போட்ட கணக்கு இதுதான். படி ஆரம்பிக்கிற இடத்தில் வரிவரியாக மேடு வைத்த விரிப்பு: காலைக் கீழே வை என்று அர்த்தம். படி திரும்புகிற இடத்தில் வட்டமான விரிப்பு, அதில் குமிழ் குமிழாகப் பின்னல்: நில், இறங்கும்போது வலது பக்கம் திரும்பு, ஏறும்போது இடது பக்கம். தெருவாசலில் வழவழவென்று ஒன்று: வந்து சேர்ந்தாய், குரைத்துக்கொள்.

முதல் விரிப்பில் கண்டக்டர் கால் வைத்ததும் விரிப்பும் அவனும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தார்கள். "சறுக்கு மரம் பின்னியிருக்கே அத்தே," என்றேன் நான். மறுநாள் அவள் டெப்போவிலிருந்து கிழிந்த டயர் டியூபை வாங்கி வந்து, பட்டை பட்டையாக வெட்டி அடியில் வைத்துத் தைத்தாள். அதற்குப் பிறகு விரிப்பு யானை இழுத்தாலும் நகராது.

அடுத்த தொல்லை, கண்டக்டருக்கு விரிப்பு பிடித்துப்போனது. ஒவ்வொன்றின்மேலும் சுருண்டு படுத்துக்கொண்டான். படியில் ஏறி வந்த கீழ்வீட்டு டீச்சர் அவனைத் தாண்டிப் போக முடியாமல், "இது என்ன, மாடிக்கு மாடி படுக்கை போட்டிருக்கீங்களா?" என்று சத்தம் போட்டார்.

"எந்தக் கண்டக்டர் ஸ்டாப்புக்கு ஸ்டாப் தூங்குவான்?" என்று கேட்டுவிட்டு, அத்தை எல்லாவற்றையும் பிரித்தாள். அவ்வளவையும் பிரித்தாள். ஒரு வார வேலை சரசரவென்று உருண்டையாகிப் போனது. அவள் கொட்டாவி விட்டுவிட்டு, மறுபடி முதல் கண்ணியிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை படுக்க முடியாத அகலம். சுவரோரமாய்ப் போட்டால் டீச்சர் காலிலும் தட்டாது.

பயிற்சிக்கு ரஸ்க். ஓய்வு நாளில் சுட்ட பிரெட்டைத் துண்டு போட்டு, மறுபடி ஓவனில் வைத்து, கல் மாதிரி ஆக்கினாள். ஹேண்ட் பிரேக்குக்கு இரட்டை டியூட்டி. வரி விரிப்பில் கால் வைத்தால் ஒரு கடி, வட்டத்தில் நின்று திரும்பினால் ஒரு கடி. டியூட்டி முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் அத்தை படியில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு படி முன்னால் அவள், பின்னால் நடுங்கிக்கொண்டு அவன். "ரைட், ரைட், போலாம்... ஹோல்டான்!" தாடை கிழிந்த திருப்பத்துக்கு வந்தால் மட்டும் அவன் உட்கார்ந்துகொண்டு ஊளையிடுவான். அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். திட்டமாட்டாள், இழுக்கமாட்டாள். அவன் எழுந்திருக்கும்வரை அடுத்த விரிப்பைப் பின்னிக்கொண்டிருப்பாள்.

"மழை விட்டுடும் போல இருக்கே அத்தே," என்று நான் வெறுப்பேற்றினால், "வானத்துக்கு நான் இன்னும் விசில் அடிக்கல," என்பாள்.

எனக்கும் ஊசிக்கும் ஆகாது என்பது வீட்டுக்கே தெரியும். "அதெல்லாம் பொறுமைசாலிங்க வேலை, செத்தாலும் தொடமாட்டேன்" என்று பலமுறை அறிவித்திருக்கிறேன். மாலையில் அத்தைக்கு எதிரே உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், அது டிவி ரிப்பேர் ஆனதால். அந்தச் சமயத்தில் அவளுடைய பழைய ஊசி ஒன்று காணாமல் போனது. பழி ஓசிமேல் விழுந்தது. ஓசி மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

மழை விட்டது. செடிக்கடைக்காரர் சாயங்காலம் டீ நேரத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். அத்தை விடியலில் டியூட்டிக்குப் போகும்போது, கண்டக்டரின் தலையில் கை வைத்து, "இன்னிக்குச் செக்கிங் இருக்கு. டிக்கெட்டெல்லாம் சரியா வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளும் அப்பாவும் பேசி வைத்த விதி மாதிரி ஒன்று இருந்தது: யாரும் கூப்பிடக்கூடாது, தொடக்கூடாது, கையில் ரஸ்க் இருக்கக்கூடாது. தெருவாசல் வரைக்கும் இறங்கி, மறுபடி மேலே வரவேண்டும்.

காலையில் நான் பால் வாங்க இறங்கினபோது அந்தத் திருப்பத்தில், கண்டக்டர் விழுந்த அதே திருப்பத்தில், ஓசி உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில் வட்ட விரிப்பு இல்லை. விரிப்பாய் இருந்த சமாச்சாரம் ஒற்றை நூலாய்ப் படிகளில் கீழே வரை ஓடிக்கொண்டிருந்தது. நடுவே டயர் பட்டை மட்டும் மொட்டையாய்க் கிடந்தது. ஓசி மீசையில் ஒரு பழுப்பு நூல். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

அத்தை வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள். அப்பா எங்கோ ஒரு லிஃப்டின் வயிற்றுக்குள் இருப்பார். அம்மா அப்போதுதான் வந்து படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். தேவதை ஒன்று வந்திருக்கலாம். படியில் ஓடின நூலைச் சுருட்டியிருக்கலாம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நாலு தடவை தப்பாய்ப் போட்டுப் பிரித்து, கெட்ட வார்த்தை சொல்லி, ஐந்தாம் தடவை குமிழ் வந்ததும் சத்தம் போடாமல் ஆடி, டயர் பட்டையை அடியில் வைத்துத் தைத்திருக்கலாம். அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள். பசியில்லை, அவ்வளவுதான். என் ஆள்காட்டி விரலில் தோல் உரிந்திருந்தது வேறு விஷயம். மொத்தத்தில் அத்தை திரும்பி வந்தபோது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வட்டம் இருந்தது. அவளும் அவசரத்தில் இரண்டிரண்டு படியாய்த் தாண்டி ஏறிப்போனாள்.

செடிக்கடைக்காரர் வந்தார். கையில் ஒரு ரோஜாத் தொட்டி, கண்டக்டருக்குப் பதிலுக்கு. நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமில்லை. தெருவாசலில் அப்பாவும் அவரும் நின்றார்கள். மேலே வீட்டு வாசலில் அம்மா, தூக்கம் கலைந்த முகத்தோடு. நானும் அத்தையும் இரண்டாம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்த்தோம்.

கண்டக்டர் வீட்டை விட்டு வந்தான். வரி. நின்று, ஒரு காலைக் கீழே வைத்தான். இறங்கினான். வட்டம். வலது பக்கம். வரி. மூக்கு தரையிலிருந்து எழவே இல்லை. எங்கள் காலை உரசிக்கொண்டு இரண்டாம் மாடியைக் கடந்தான். கைப்பிடியைப் பிடித்திருந்த அத்தையின் விரல்கள் ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி அவன் திரும்பும்போதெல்லாம் தானாகத் திரும்பின.

அந்தத் திருப்பம் வந்தது. கண்டக்டர் வட்டத்தில் கால் வைத்தான். நின்றான்.

திரும்பவில்லை.

குனிந்து முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். சுற்றி ஒரு வட்டம் வந்து, மூக்கை விரிப்புக்குள் புதைத்து, இழுத்து இழுத்து மோப்பம் பிடித்தான். கீழே செடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அப்பா அண்ணாந்து பார்த்தார். "பாப்பா, போதும்மா, நான் தூக்கிடுறேன்," என்று ஒரு படி ஏறினார்.

"நில்லுண்ணே." அத்தை சத்தமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் குசுகுசுதான். ஆனால் அப்பா நின்றுவிட்டார்.

கண்டக்டருக்கு வால் ஆட ஆரம்பித்தது. முகத்தைத் தூக்கி, அந்தப் பால் கண்களை மேலே, நேராக நான் நின்றுகொண்டிருந்த பக்கம் திருப்பி, பழக்கப்பட்ட ஆளைப் பார்த்தாற்போல வாலை அடி அடி என்று அடித்தான். ஒரு காலை மேலே வரத் தூக்கினான். வந்துவிட்டால் போச்சு. நான் கைப்பிடிக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டேன். போடா தடியா, போ, என்று மனசுக்குள் கத்தினேன். அது எந்த மொழியில் அவனுக்குக் கேட்டதோ. தூக்கின காலை வட்டத்திலேயே வைத்தான். பாதத்துக்கு அடியில் குமிழைத் தேடி ஒரு தரம் அழுத்தினான். வலது பக்கம் திரும்பினான். வரி. இறங்கினான்.

வழவழ விரிப்பில் நின்று, செடிக்கடைக்காரரின் பேன்ட்டை மேலிருந்து கீழ்வரை முகர்ந்து பார்த்து, ஒரே ஒரு குரை.

"என்னைச் செக் பண்ணிட்டானா?" என்றார் அவர்.

"பாஸ் போட்டுட்டான். வாங்க மேல, பிரெட் இருக்கு," என்றார் அப்பா. குரல் ஒரு மாதிரி இருந்தது. இடுப்பு வலி தொண்டைவரைக்கும் ஏறியிருக்கும்.

கண்டக்டர் முன்னால் ஏற, செடிக்கடைக்காரர் அவன் பின்னால் டிக்கெட் வாங்கின பயணி மாதிரி வந்தார். தொட்டியைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. "இவன் என் தோட்டத்துக்கு வந்தா, இங்க ரோடே போடலையேன்னு என்னைத் திட்டுவான்," என்று சொல்லி, நாலு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். அம்மா டியூட்டிக்குக் கிளம்பும்போது கண்டக்டரின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். அப்பா படியோரத்தில் இருந்த தன் கருவிப் பெட்டியை, கண்டக்டர் காலில் தட்டக்கூடாது என்று யாரும் சொல்லாமலே உள்ளே எடுத்து வைத்தார்.

எல்லாம் சுபம் என்று நான் நழுவப் பார்த்தேன். அத்தை அந்தத் திருப்பத்தில் படியில் உட்கார்ந்து வட்ட விரிப்பை மடியில் வைத்திருந்தாள்.

"வாலு, இங்க வா."

"வேலை இருக்கு அத்தே."

"உனக்கா?" அவள் நடுப் புள்ளியில் விரலை வைத்து, பின்னல் போகிற வழியிலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். "நான் பின்னினா இந்தப் பக்கமா சுத்தும். இது கடிகாரம் சுத்துற பக்கமா போகுது. வலது கைக்காரி பின்னினா இப்படி வராது."

"ஓசி இடது கைப் பூனையா இருக்கும்."

"இருக்கும். ஆனா கண்டக்டர் ஓசியோட வாசனைக்கு வாலாட்டி நான் பாத்ததில்லையே." விரிப்பைத் திருப்பிச் சுவரோரமாய் அதன் இடத்தில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். "ஓரத்துல ரெண்டு கண்ணி விட்டிருக்கே. பரவால்ல, ரோடு ரோடுதான். நாளைக்கு மொட்டை மாடிப் படிக்கும் போடணும், காத்துக் காலத்துல அவன் பட்டம் பாக்க வருவான்ல." எழுந்து காக்கிப் பேன்ட்டில் ஒட்டின நூலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "போ, தலகாணி உறைக்குள்ள வச்சிருக்கியே, அந்த ஊசியை எடுத்துட்டு வா."